கிளிச் சாக்குப் பாய்

எந்தத் துணி கையில் பட்டாலும் லஹிவெலு அண்ணன் முதலில் அதை வாயில்தான் வைப்பார். கடிக்க மாட்டார். உதடுகளை வட்டமாகக் குவித்து, துணியை அதன்மேல் இறுக்கிப் பிடித்து, மூச்சை உள்ளே இழுப்பார். கன்னங்கள் இரண்டும் குழி விழும். துணிக்குள் புகுந்து காற்று வந்துவிட்டால் "சல்லட" என்று ஒரே சொல்லில் திருப்பிக் கொடுத்துவிடுவார். காற்று வராமல் துணி உதட்டோடு ஒட்டிக்கொண்டால் கண் மட்டும் கொஞ்சம் விரியும். தோணிப் பாய்க்கு ஆகும் என்று அர்த்தம். துணிக்கடைக்காரர் அவரைக் கண்டதும் சுருள்களை உள்ளே எடுத்து வைப்பார். கல்யாணத்தன்று வாவிசுவா உடுத்தி வந்த புதுத் துணியின் முனையையும் ஊர் பார்க்க உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "பொண்ணு சரி, துணிதான் ஓட்ட" என்றாராம். வாவிசுவா மதினி அதை இன்னமும் சொல்லிச் சிரிப்பாள். சிரித்தாள் என்று எழுத வேண்டும்.

அண்ணன் என் பெரியப்பா மகன். வலை, கடலட்டை, சுறா என்று எல்லோரும் செய்கிற வேலைகளைத்தான் செய்தார். பேச்சு குறைவு. யாருடைய தோணியிலாவது கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், அந்த வருடம் சொந்தமாக ஒன்று குடைந்தார். உள்நாட்டுக் காட்டிலிருந்து மாட்டுவண்டியில் வந்த மரம். பஞ்சு மாதிரி லேசானது, விரல் நகத்தால் கீறினால் கோடு விழும். வாச்சியால் செதுக்கிச் செதுக்கி மழைக்காலம் முழுக்க அதிலேயே கிடந்தார். கவிழாமல் இருக்கப் பக்கத்தில் தாங்குகட்டை கட்டி, நடுவில் பாய்க்கோல்கள் இரண்டையும் நட்டுப் பார்த்தபோதுதான் பாய் இல்லை என்பது எல்லோர் கண்ணிலும் பட்டது. பெரியப்பாவின் பழைய பருத்திப் பாய் கையோடு கிழிந்து வந்தது. புதுப் பருத்தி வாங்குகிற நிலைமையில் அண்ணன் இல்லை.

அரிசிக் கடையில் காலிச் சாக்குகள் இருந்தன. கப்பலில் வரும் அரிசிக்கான வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கு. நடுவில் பெரிய பச்சைக்கிளி. அண்ணன் ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் உதட்டில் கவ்விக்கொண்டது. கடைக்காரர் அவற்றை ஏறக்குறைய சும்மாவே கொடுத்தார்.

கடற்கரையில் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிர் முனையில் உட்கார்ந்து தைத்தார்கள். சாக்கின் வாயில் ஒரு நூலைச் சரியாகப் பிடித்து இழுத்தால் தையல் மொத்தமும் சர்ரென்று உருவிக்கொண்டு வந்துவிடும். பிரித்த சாக்குகளை அலசி, ஓரத்தை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கி, இரட்டையாக மடித்து, பழைய வலையிலிருந்து உருவிய நைலான் நரம்பால் தைத்தார்கள். குடைக்கம்பியைத் தேய்த்து ஊசி செய்திருந்தார் அண்ணன். சுற்றிலும் கயிறு வைத்துத் தைத்து முடித்தபோது பாய் முழுக்கக் கிளிகள். சில நிமிர்ந்து நின்றன. சில தலைகீழாகத் தொங்கின.

அந்தப் பக்கம் பெஹவானா வந்தான்.

"என்னடா சோத்து மூட்ட, கடலுக்குப் போறியா, சந்தைக்குப் போறியா?"

"சந்தைக்குத்தான். உன்ன எட போட்டு வித்துட்டு வரலாம்னு."

"என்னை எவன் வாங்குவான்? வெறும் எலும்பு."

"எலும்புன்னா நாய் வாங்கும்," என்றாள் மதினி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெஹவானாவின் குலத்துக்கும் எங்கள் குலத்துக்கும் கேலி உறவு. முன்னோர்கள் ரத்தம் மாற்றிச் செய்துகொண்ட உடன்பாடு அது. அவன் எங்களை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். நாங்களும் அவனைச் சொல்லலாம். யார் முகம் சுளிக்கிறார்களோ அவர்கள்தான் தப்புச் செய்தவர்கள். சாவு வீட்டில்கூட, மற்றவர்கள் அழும்போது நடுவில் உட்கார்ந்து செத்தவனைக் கிண்டல் செய்வது கேலி உறவுக்காரனின் கடமை. பெஹவானா அந்தக் கடமையில் ஒரு நாளும் சோம்பியதில்லை. மற்ற எல்லாவற்றிலும் சோம்பேறி. அவனிடமும் ஒரு சாக்குப் பாய் இருந்தது. யாரோ தைத்துக் கொடுத்தது.

தென்காற்று நிலைத்ததும் வழக்கம்போல வடக்கே நோசி கெலித் தீவுக்குப் புறப்பட்டோம். கடல் அட்டைக்காகப் போவது. தீவென்றால் மரம் கிடையாது, தண்ணீர் கிடையாது. மணலும் கொஞ்சம் கொடியும், சுற்றிலும் பவளப் பாரும். குடிதண்ணீர் கேனில் போகும். போய் இறங்கியதும் எல்லோரும் தோணியிலிருந்து பாயைக் கழற்றி, பாய்க்கோல்களைக் காலாக ஊன்றி, கூடாரமாகப் போட்டுவிடுவார்கள். பருவம் முடிகிற வரை பாய்தான் வீடு. திரும்புகிற நாளில் வீட்டைப் பிரித்துத் தோணியில் ஏற்றினால் மறுபடி பாய்.

தீவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அங்கே யாரையும் புதைக்கக் கூடாது, அங்கே யாரும் பிறக்கக் கூடாது. மண்ணில் ரத்தம் பட்டால் பார் மூடிக்கொள்ளும் என்பார்கள். தோணிக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பிரசவ வலி கண்டவளைத் தோணியில் ஏற்றக் கூடாது. இரண்டையும் சேர்த்து யோசிக்கிற அவசியம் யாருக்கும் வந்ததில்லை. வயிற்றுக்காரிகள் முன்கூட்டியே ஊருக்குப் போய்விடுவார்கள்.

மதினி வயிற்றில் பிள்ளையோடு இருப்பது தீவுக்கு வந்து சில வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்கு முன் இரண்டு தங்காமல் போயிருந்தன. அண்ணன் அன்றைக்கு அட்டை அவிக்கிற பானையின் முன்னால் உட்கார்ந்து, விறகை வைத்ததும் எடுத்ததுமாக இருந்தார்.

தீவின் முறைகளைப் பார்த்துக்கொள்கிற ரெசாம்பாவிடம் போய்ச் சொன்னார்கள். அவர் மதினியின் வயிற்றைப் பார்த்தார், கடலைப் பார்த்தார்.

"வாட எப்ப எழும்பும்னு தெரியுமா உனக்கு?"

"மழைக்கு முந்தி எழும்பிடும்ங்க. அதுக்கப்புறமும் ஒரு மாசம் இருக்கு இவளுக்கு."

"இருக்கட்டும். வாட எழும்புனா எல்லாரும் சேந்துதான் போவணும். தனியா போவாத."

"போவ மாட்டேங்க."

ஊருக்குத் திரும்ப வாடைக்காற்று வேண்டும். தென்காற்றில் அந்தத் தோணிகள் தெற்கே ஏறாது.

அண்ணனின் கூடாரத்துக்குள் பகலில் பச்சை வெளிச்சம் விழும். கிளிகள் இருக்கிற இடத்தில் நிழல், மற்ற இடத்தில் பால் மாதிரி வெயில். மற்றக் கூடாரங்கள் எல்லாம் பருத்தி, இருட்டாக இருக்கும். ஒரு பருவம் முழுக்கச் சாக்குப் பாயின் கீழே குடியிருந்தவர் எங்களில் அண்ணன்தான் முதல் ஆள். ஊரில் சாக்குப் பாய் வைத்திருந்தவர்கள் காலையில் ஏற்றி மதியம் சுருட்டி வீட்டுக்குள் போடுகிறவர்கள். பெஹவானா தன்னுடையதைக் கூடாரமாகக்கூடப் போடவில்லை. கசக்கித் தோணிக்கு அடியில் மணலில் திணித்துவிட்டு, ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் கூடாரத்தில் தூங்கினான்.

பருத்திப் பாய் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், மடித்து வைத்தால் மக்கும். அதனால் கடலில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, அடிக்கடி உள்ளை வெளியாக்கிப் போட வேண்டும். சின்ன வயதிலிருந்து எல்லோருக்கும் தெரிந்தது அதுதான். அண்ணன் தன் பாயையும் அப்படியே பார்த்துக்கொண்டார். மற்றவர்களைவிட அதிகமாகவே பார்த்துக்கொண்டார். அலசுவார், உச்சி வெயிலில் விரிப்பார், இரண்டு பக்கமும் வெயில் படும்படி திருப்பிப் போடுவார். பாய் வெளுத்துக்கொண்டே போனது. அவருக்கு அதில் பெருமை.

பிறகு அது உதிர ஆரம்பித்தது.

முதலில் நான் கவனித்தது காலை வெயிலில். அவர்கள் கூடாரத்துக்குள் மினுமினுவென்று ஏதோ மிதந்துகொண்டிருந்தது. மதினி தலை வாரும்போது சீப்பில் வெள்ளையாக ஒட்டியது. சோற்றுப் பானையை மூடி வைத்தாலும் மேலே மெல்லிய தூள் படிந்திருந்தது.

"என்னங்க இது?"

"உப்பு. கடத்தண்ணி காஞ்சா உப்பு உதிராதா?"

மதினி விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். வெயிலுக்காக முகத்தில் பூசியிருந்த மஞ்சள் மரச்சாந்து நெற்றியில் சுருங்கியது.

"கரிக்கலியே."

"பனியில கரைஞ்சிருக்கும்."

அதன்பின் பானைமேல் இரட்டையாகத் துணி போட்டு மூடினாள்.

ஒரு நாள் பெஹவானா அவர்கள் கூடாரத்தில் சாப்பிட வந்தான். கை கழுவாமலே பாயின் விளிம்பை விரலிடுக்கில் பிடித்துக் கிள்ளினான். ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது, காய்ந்த அப்பளம் மாதிரி. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"டேய், உன் பாய் செத்துப்போச்சுடா."

"உன் நகத்தப் பாத்தியா? நண்டு நகம்."

"செத்துப்போச்சுங்கறேன். எடுத்துப் பொதச்சுடு."

"பொதைக்க இங்க எடம் கெடையாது. தீவுக் கட்டுப்பாடு."

சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெஹவானாவும் சிரித்தான். கேலி உறவுக்காரன் சொன்னதற்குச் சிரிக்காமல் இருக்க முடியாது. சிரித்துவிட்டால் அது அதோடு போய்விடும். அண்ணன் கிள்ளின இடத்தைப் புதுச் சாக்குத் துண்டால் ஒட்டுப் போட்டார். தைத்த பிறகு பக்கத்தில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். காற்று வரவில்லை. அந்தச் சோதனையில் அது கடைசி வரை தோற்கவே இல்லை.

வாடை தாமதமாகத்தான் வந்தது. வெயில் கொதித்தது. கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. இரவில் தூரத்தில் சத்தமில்லாமல் மின்னியது. மதினியின் கால்கள் வீங்கிவிட்டன. தண்ணீர்க் கேன்கள் காலியாகிக் கூடாரங்களுக்கு வெளியே உருண்டன. ரெசாம்பா தினமும் ஒரு முறை அவர்கள் கூடாரத்தின் முன்னால் வந்து நிற்பார். அவர் போன பிறகும் அங்கே அவர் நிற்பது போலவே இருக்கும்.

ஒரு மதியம் கொடிகள் தெற்கே சாய்ந்தன. வாடை. மறுநாளும் நிலைத்தது. கடைசியாக அவித்த அட்டை காய்ந்ததும் எல்லோரும் சேர்ந்து புறப்படுவது என்று முடிவாயிற்று. இன்னும் இரண்டு மூன்று நாளாகும். அன்று மாலை எல்லோரும் பானையைச் சுற்றி வேலையாக இருந்தோம். அண்ணன் மட்டும் பாதியில் எழுந்து கூடாரத்துக்குப் போனார். திரும்பி வரவில்லை.

விடிந்து பார்த்தால் அவர்கள் வீடு இல்லை. மணலில் சதுரமாகப் பழுப்புத் தடம் மட்டும் இருந்தது. தண்ணீர் ஓரத்தில் அண்ணன் கோல்களில் பாயைக் கட்டிக்கொண்டிருந்தார். மதினி ஏற்கனவே தோணிக்குள் உட்கார்ந்திருந்தாள், துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு. முகத்தில் மரச்சாந்து வழக்கத்தைவிடத் தடிப்பாக இருந்தது.

ரெசாம்பா வந்தார்.

"என்ன இது?"

"போறேங்க."

"சேந்து போறதுன்னு சொன்னோமே?"

"காத்து நல்லா இருக்கு. போயிட்டா நல்லதுன்னு."

"வியாபாரி கரைக்கு வந்திருப்பான், மொத ஆளா அட்டையக் குடுக்கலாம்னு பாக்கறான்," என்று யாரோ பின்னால் சொன்னார்கள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். அண்ணன் மறுக்கவில்லை. முடிச்சுப் போடுவதிலேயே குனிந்திருந்தார்.

பெஹவானா தன் தோணிக்கு அடியில் கைவிட்டு அந்தக் கசங்கின பாயை மணலோடு இழுத்துக்கொண்டு வந்தான். நனைந்து, நாறி, நண்டு கடித்து இருந்தது.

"இதக் கட்டிக்கிட்டுப் போடா."

"எலி மூத்திர நாத்தம்."

"கேலி இல்லடா. நெசமா சொல்றேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கேலி உறவுக்காரன் எப்போதும் சொல்கிற வசனம் அது. பெஹவானா திரும்பி எங்களைப் பார்த்தான். அவன் முகத்தில் எதுவும் இல்லை. அப்படி ஒரு முகம் அவனுக்கு இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. "சிரிக்காதீங்கடா," என்றான். இன்னும் சிரித்தார்கள்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கையில் இருந்த பாயைப் பார்த்தார். தன் பாயைப் பார்த்தார். கட்டினதை எல்லாம் அவிழ்த்து, இதைக் கட்டி, ஓரம் பொருந்தவில்லையென்றால் மறுபடி தைத்து... அவர் மனதில் அது ஓடுவது தெரிந்தது. மதினியைப் பார்த்தார்.

"நேரமாவுது," என்றாள் மதினி. "போலாம்."

முன்னோருக்கென்று தோணியின் முன்முனையான அணியத்தில் கொஞ்சம் சாராயம் ஊற்றினார். நாங்கள் தள்ளிவிட்டோம். கிளிகள் படக்கென்று காற்றில் விரிந்தன. பார் வாயைத் தாண்டும் வரை அந்தத் தோணி அழகாகத்தான் போனது.

தாண்டினதும் காற்று முழுசாக வந்தது. நானும் பெஹவானாவும் கரையிலேயே நின்றிருந்தோம். சத்தம் எதுவும் கேட்கவில்லை, அவ்வளவு தூரம். வெள்ளைச் சதுரத்தின் நடுவில் ஒரு நீலக் கோடு விழுந்தது. அது அகன்றது. பிறகு வெள்ளையே இல்லை. மை படிந்த இடம் மட்டும் வெயிலுக்குத் தப்பியிருந்திருக்க வேண்டும். நரம்பிலும் கயிற்றிலும் தொற்றிக்கொண்டு சில கிளிகள் மட்டும் படபடத்தன.

"ஏய்!" என்று கத்தினான் பெஹவானா. யாருக்கென்று தெரியவில்லை.

நாங்கள் இருவரும் அவனுடைய தோணியை இழுத்துப் போட்டோம். அந்த நாறல் பாயைக் கட்டினோம். பாரைத் தாண்டியபோது அலை மேடுகளுக்கு நடுவே அவர்களைக் காணவில்லை. பெஹவானாவின் பாய் ஒரு நூல்கூடப் பிரியாமல் எங்களை இழுத்துக்கொண்டு போனது. நாள் முழுக்கத் தேடினோம். சாயங்காலம் கரை ஏறி, மறுநாள் கரையோரமாகவே தெற்கே போனோம்.

அலையாத்திக் காட்டை ஒட்டி ஒரு சின்ன ஊர். அதன் மணலில் அண்ணனின் தோணி கிடந்தது. கோல்களுக்கு நடுவில் மதினி போர்த்தியிருந்த துணி கட்டியிருந்தது.

தாழ்ந்த தண்ணீரில் எட்டுக்கால் பேய்க்கணவாய் குத்த வந்த பெண்கள்தான் அவளைத் தூக்கி வந்திருந்தார்கள். அலை நனைக்காத மணலுக்கு அவளைக் கொண்டுவந்து படுக்க வைத்த கொஞ்ச நேரத்தில் பிள்ளை பிறந்திருக்கிறது. பெண். அழுதுகொண்டிருந்தது.

பாய் போனதும் அண்ணன் துடுப்பை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் போர்த்தியிருந்த துணியைக் கோல்களில் கட்டியிருக்கிறார். அது பிடித்தது. தோணி ஓடியது. பிறகு ஒரு மூலை அவிழ்ந்தது. எட்டிப் பிடிக்க அணியத்தில் ஏறி நின்றார். முடிச்சைப் போட்டும்விட்டார். அப்போது ஒரு அலை.

"நான் திருப்பப் பாத்தேன்," என்றாள் மதினி. "முடியல. அவரு பின்னாலயே நீந்தி வந்தாரு. திருப்பாத, திருப்பாத, துடுப்பப் புடின்னு கத்துனாரு. கொஞ்ச நேரம் கேட்டுச்சு."

அண்ணன் கிடைக்கவில்லை. ஊரில் உடல் இல்லாமலே துக்கம் வைத்தோம். எனக்கு முகம் தெரியாதவர்கள்கூட வந்திருந்தார்கள். பெண்கள் பாடினார்கள். எல்லோரும் ஒரு கட்டத்தில் பெஹவானாவைப் பார்த்தார்கள். அவன் நடுவில் வந்து உட்கார்ந்தான்.

"பேசு," என்றார் ரெசாம்பா மெல்ல. "உன் முற."

"சோத்து மூட்ட," என்றான் பெஹவானா. யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னான். "சோத்து மூட்ட, பாயப் பொதைக்கச் சொன்னா, கூடவே நீயும் போயிட்டியாடா?"

வழக்கப்படி எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தச் சத்தம் எவ்வளவு பெரிதாக இருந்ததென்றால் உள்ளே தூங்கின குழந்தை விழித்துக்கொண்டது.

அட்டைக்கு நல்ல விலை பார்க்கப் போய் உயிரை விட்டான் என்றுதான் ஊர் பேசியது. ரெசாம்பா தன் சொல்லை மீறினவனைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். பிள்ளைக்கு முதல் முடி எடுத்த அன்று மதினி என்னை வேலிப்பக்கம் கூப்பிட்டாள்.

"தம்பி, உங்க அண்ணன யாரும் பேராசக்காரன்னு சொன்னா நீ கேட்டுக்கிட்டு நிக்காத."

அவள் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு சொன்னாள். தீவிலிருந்து புறப்பட்டதற்கு முந்தின நாள் மாலை, நாங்கள் எல்லோரும் பானையைச் சுற்றி அட்டை அவித்துக்கொண்டிருந்தபோதே, அவளுக்கு வலி எடுத்துவிட்டது.